நோக்குநர் ஓய்வில் இருக்கிறார்

என் மனைவி இறந்து ஆறு மாதம் முடியும் வாரத்தில், அவள் இளைப்பாறுகிறாளா இல்லையா என்பதை நகராட்சி முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அதுவரை நான் அதைச் சந்தேகித்ததில்லை. ரலிட்சாவுக்கு முப்பத்தோரு வயது. மார்ச் மாதம் ஒரு மாலை, லிஃப்ட் பழுதாகியிருந்ததால் படியில் ஏறி வந்தாள். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் மூளையில் ஒரு இரத்தக் குழாய் வெடித்தது. கையில் வெங்காயத் தாள் கட்டு இருந்தது. மருத்துவர் "திடீரென்று" என்றார். நானும் எல்லோரிடமும் அதையே சொன்னேன். மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் அஞ்சலித் தாள் ஒட்டுவோம். கறுப்புக் கட்டம், நடுவில் படம், கீழே நான்கு வரி. குடியிருப்பின் வாசல் கதவில், பஸ் நிறுத்தத்தில், வேலை பார்த்த இடத்தின் சுவரில். நாற்பதாம் நாள் மறுபடி ஒட்டுவோம். ஆறாம் மாதம் மறுபடி. பிறகு வருடத்துக்கு ஒருமுறை, ஒட்டுவதற்கு ஆள் இருக்கிறவரை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் படிப்பார்கள். அங்கே படிக்க வேறு எதுவும் இல்லை.

நாற்பதாம் நாள் தாளை மாமியார் சொன்கா பார்த்துக்கொண்டார். ஆறாம் மாதத் தாள் என் பொறுப்பு. திங்கட்கிழமை கிராமத்திலிருந்து போன் செய்தார்.

"மாப்ளே, சனிக்கிழம காலைல மொத பஸ்ல வரேன். படையலுக்குக் கோதுமை வேகவச்சுக் கொண்டாறேன், மெழுகுவத்தி கொண்டாறேன், ஒயினும் கொண்டாறேன். நீ ஒண்ணும் பண்ண வேணாம். தாளை மட்டும் ஒட்டிரு. நான் பஸ்ஸ விட்டு எறங்குறப்போ எம் பொண்ணு மொகம் அங்க இருக்கணும்."

"சரி அத்தை."

"சாப்ட்டியா?"

"ம்."

"என்ன சாப்ட்ட?"

யோசித்தேன். "தயிர்."

"தயிர் ஆலையில வேல பாக்குறவன் தயிரு தின்னா அதுக்குப் பேரு சாப்பாடா? அது ஆபீஸ் வேலடா."

அன்று மாலை மிஞ்சோவின் அச்சகத்துக்குப் போனேன். மிஞ்சோ என்னைவிட இருபது வயது மூத்தவர். ஊரில் இறந்த எல்லோரையும் அவர்தான் அச்சிட்டார். அவரிடம் ஆயத்த வாசகங்கள் இருக்கும். ஏழாவதைத் தேர்ந்தெடுத்தேன். 'எங்களை விட்டுப் போய் ஆறு மாதம். திடீரென்று போனாய். காலம் வேகமாக ஓடுகிறது, வலி நகரவில்லை. அமைதியில் இளைப்பாறு.'

"ஏழாவது நல்லா போவுது," என்றார் மிஞ்சோ. "ஆனா தம்பி, இப்பல்லாம் சீல் இல்லாம அடிக்க முடியாது. போறது, வர்றது, ஓடுறது, நிக்கிறதுன்னு ஒரு வார்த்தை இருந்தாக்கூட மேல போயி சீல் வாங்கணும்."

"சாவுக்குமா?"

"சாவுலதானே எல்லாரும் 'போயிட்டார்'ங்கிறான்."

மேல என்று அவர் சொன்னது இயக்கச் சொல் சரிபார்ப்பகம். அது வந்த கதை ஊருக்கே தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பஸ்ஸும் டிராக்டரும் மோதிக்கொண்டன. வழக்கில் பஸ் ஓட்டுநர், "நான் நின்னுட்டுதான் இருந்தேன்" என்றார். டிராக்டர்காரரும் அதையே சொன்னார். நீதிபதி, "எதைப் பொறுத்து?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. வழக்கு தள்ளுபடியானது. ஊர் வெட்கப்பட்டது. ஊர் வெட்கப்பட்டதற்குப் பிரஸ்ஸல்ஸிலிருந்து நிதி வந்தது. மூன்று மாடியாக இருந்த பழைய குழந்தைகள் காப்பகத்தை நான்காக உயர்த்தி, 'சொல்லில் நுண்மை, வாழ்வில் ஒழுங்கு' என்று பலகை வைத்தார்கள். முதல் மாதமே பள்ளிக்கூடத்து வளைவிலிருந்த 'மெதுவாகச் செல்லவும்' பலகையைக் கழற்றினார்கள். அதில் அலகு இல்லை. 'வேகமான சேவை' என்று எழுதிய ரொட்டிக் கடைக்காரர், எந்தத் திசையில் என்பதையும் சேர்த்து எழுத நேர்ந்தது. அவர் 'கிழக்கு' என்று எழுதினார். மேற்குப் பக்கத்து வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினார்கள்.

செவ்வாய்க்கிழமை போனேன். கவுண்டரில் இருந்த பெண்ணின் பெயர் ஸ்னெஷினா. நல்ல மாதிரி. சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கிப் படித்தாள்.

"யாரு உங்களுக்கு?"

"மனைவி."

ஒரு சீலை எடுத்து மையில் ஒற்றித் தாளின் மூலையில் குத்தினாள். 'ஆழ்ந்த வருத்தம்' என்று பதிந்தது.

"இப்ப வாசகத்தப் பாப்போம். 'விட்டுப் போய்'. இது தூரமா, இடப்பெயர்ச்சியா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றாள் ஸ்னெஷினா, எனக்காக வருந்துகிற குரலில். "அது பொது வழக்கு சார். பொது வழக்கெல்லாம் வாசல்வரைக்கும்தான். எங்க எங்க கொண்டுபோனீங்க, வரிசையாச் சொல்லுங்க."

சொன்னேன். படிக்கட்டிலிருந்து ஆம்புலன்ஸ். மருத்துவமனை. பிணவறை. தேவாலயம். கல்லறை. அவள் நகர வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தாள். பிறகு நூலை எடுத்துவிட்டு ஒரு அடிக்கோலை எங்கள் பதினாலாம் பிளாக்கிலிருந்து கல்லறைக்கு நேராக வைத்தாள்.

"சுத்தின தூரம் பதினொரு கிலோமீட்டர். ஆனா நேர்கோட்டுல மூணுதான். தென்கிழக்கு." நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க நெனச்ச அளவு தூரமில்ல பாருங்க."

நான் தலையாட்டினேன்.

"'திடீரென்று.' முடுக்கம் எவ்வளவுன்னு தெரியுமா?"

"தெரியாது."

அடித்தாள். "'காலம் வேகமாக ஓடுகிறது.' காலத்துக்கு இடப்பெயர்ச்சி கெடையாது." அடித்தாள். "'வலி நகரவில்லை.' வலி எங்க இருக்கு, வீட்டுலயா?"

"இங்கதான். என்கிட்ட."

"நீங்க ஆலைக்குப் போறப்போ?"

"கூட வருது."

"அப்ப நகருது. அச்சுல பொய் வரக் கூடாது சார்." அதையும் அடித்தாள். மிச்சம் இருந்தது ஒரே சொல். அதற்கு அவளுக்கு அதிகாரம் இல்லை. "'இளைப்பாறு'வுக்கு ரெண்டாம் மாடி. எதைப் பொறுத்து ஓய்வுன்னு பாக்கற சட்டகப் பிரிவு."

இரண்டாம் மாடியில் நீண்ட பெஞ்சு போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் தொப்பியை வைத்து உட்கார்ந்திருந்தார். மாவு ஆலையின் இரவுக் காவலர்.

"எனக்கு வேலைச் சான்று தர மாட்டேங்கிறானுங்க," என்றார், நான் கேட்காமலே. "பல வருஷமா ஒரே நாற்காலி. ஒரு மூட்ட காணாமப் போனதில்ல. விசையை இடப்பெயர்ச்சியால பெருக்கினாதான் வேலையாம். நான் நகரவே இல்லையாம். அதனால வேலை சுழின்னு எழுதிட்டான்."

"திருடன் வந்திருந்தா?"

"அவன் மூட்டையத் தூக்கிக்கிட்டு மாடி ஏறினா, அவன் வேல செஞ்சவன். அவனுக்குச் சான்று உண்டு. கேட்டுட்டேன்."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"நாற்காலிய தள்ளிக்கிட்டே காவல் காக்கச் சொல்றான். ஆனா காலைல அது புறப்பட்ட எடத்துக்கே வந்துரக் கூடாதாம். வந்தா மறுபடி சுழி." சற்று நேரம் தொப்பியைச் சுற்றினார். "ஒரு நாளைக்கு ஒரு முழம்னு வச்சாலும் கிறிஸ்துமசுக்குள்ள நான் கேட்டுக்கு வெளிய போயிருவேன். அப்பறம் உள்ள யாரு பாப்பா?"

என்னைக் கூப்பிட்டார்கள். சட்டகப் பிரிவின் பொறியாளர் தோச்செவ் ஒல்லியானவர். மேசையில் பூகோள உருண்டை. அதை ஒரு விரலால் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே பேசினார்.

"ஓய்வுங்கிறது சும்மா சொல்லிடற வார்த்த இல்ல தம்பி. எதைப் பொறுத்து ஓய்வு? பூமி சுத்துது. சூரியனைச் சுத்தி ஓடுது. நீங்க இங்க உக்காந்திருக்கற இந்த நொடியில உங்க மனைவி நொடிக்கு முப்பது கிலோமீட்டர்ல போயிட்டிருக்காங்க. அவங்களப் போய் ஓய்வுன்னு பஸ் நிறுத்தத்துல ஒட்டினா, நாளைக்கு ஒருத்தன் கேஸ் போட மாட்டான்?"

நான் அதைப் பற்றி யோசித்தேன். ரலிட்சாவுக்கு வேகம் பிடிக்காது. நான் காரில் அறுபதைத் தாண்டினாலே ஜன்னலுக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள்.

"அப்ப அந்த வார்த்தைய எடுத்துருங்க," என்றேன்.

"எடுத்துட்டா மிச்சம் பேரும் படமும்தான். அது அஞ்சலி இல்ல, காணவில்லை விளம்பரம். வழி இருக்கு. உங்க மனைவியைப் பொறுத்து ஓய்வுல இருக்கற ஒரு நோக்குநரை, அதாவது பாக்கறவரைக் காட்டினா, அவரைப் பொறுத்து அவங்க ஓய்வுலன்னு நான் சான்று தரலாம். சொந்தக்காரங்க யாராவது?"

"நான்தான் இருக்கேன்."

"சோதிக்கணும்," என்றார் தோச்செவ்.

மூன்றாம் மாடியில் ஜன்னலில்லாத அறை. நடுவில் ஒரு நாற்காலி. காப்பகமாக இருந்தபோது குழந்தைகளைத் தூங்கவைத்த அறையாக இருக்கலாம், சுவரில் பாதி அழிந்த முயல் ஒன்று இருந்தது. என்னை உட்காரவைத்து, உள்ளங்கையில் விளிம்புவரை நிரம்பிய தண்ணீர் டம்ளரை வைத்தார்கள். தோச்செவ் எதிரில் உட்கார்ந்தார்.

"பேர் சொல்வேன். கேட்டுக்கிட்டே இருங்க. ரலிட்சா."

தண்ணீர் அசையவில்லை.

ஸ்னெஷினா கீழிருந்து ரலிட்சாவின் படத்தைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். கடற்கரையில் எடுத்தது. கண்ணைச் சுருக்கிச் சிரிப்பாள். தண்ணீர் அசையவில்லை. தோச்செவ் ஒரு நகைச்சுவை சொன்னார். கஞ்சத்தனத்துக்குப் பேர்போன இரண்டு காப்ரோவோக்காரர்களைப் பற்றியது. ஸ்னெஷினா மட்டும் சிரித்தாள்.

"அழுகை?"

"இல்ல."

"தூக்கம்?"

"படுத்துருப்பேன்."

"ஆறு மாசமாவா?"

"ஆமா."

தோச்செவ் எழுந்து கதவைத் திறந்து, மற்ற பிரிவுகளிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர் சுவரோரமாக நின்று என் கையைப் பார்த்தார்கள்.

"இந்த அறைக்கு வந்தவன் ஒருத்தன்கூடத் தண்ணி சிந்தாமப் போனதில்ல," என்றார் அவர்களிடம். "இவர் மேல நிகர விசை சுழி. புத்தகத்துல மட்டும்தான் இப்படி ஒரு பொருளைப் பாத்திருப்பீங்க." பிறகு என் பக்கம் குனிந்து, இரகசியம் போலச் சொன்னார். "ஆனா ஒண்ணு தம்பி. நீங்க நிக்கிறீங்களா, இல்ல ஒரே சீராப் போயிட்டிருக்கீங்களான்னு உள்ள இருந்து உங்களால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது. மூடின பெட்டிக்குள்ள ரெண்டும் ஒண்ணுதான். அதனால ஓய்வுன்னே போட்டுக்கலாம். சந்தோஷமா?"

"சரி," என்றேன்.

அவர்கள் கைதட்டினார்கள். எனக்குக் கை மரத்துப்போயிருந்தது. டம்ளரை யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்று காத்திருந்தேன்.

சான்றிதழைப் புதன்கிழமை நான்காம் மாடி அரங்கில் கொடுத்தார்கள். சரிபார்ப்பகம் ஓய்வு என்று சான்றளித்த முதல் குடிமகன் நான். காபியும் பாலாடைக்கட்டி அடையும் வைத்திருந்தார்கள். இயக்குநர் முனைவர் பனாயோத் கிராயெவ் மேடையேறினார். பருத்தவர். உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி பக்கவாட்டில் நின்று பேசினார்.

"நண்பர்களே! இந்த அலுவலகம் என்ன வேலை செய்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். நான் பெருமையோடு சொல்கிறேன். ஒன்றுமில்லை! எங்கள் ஊழியர்கள் காலையில் வீட்டிலிருந்து வருகிறார்கள், மாலையில் அதே வீட்டுக்குத் திரும்புகிறார்கள். இடப்பெயர்ச்சி சுழி. கோப்புகள் முதல் மாடியிலிருந்து நான்காம் மாடிக்கு ஏறி, மறுபடி முதல் மாடிக்கே இறங்குகின்றன. இடப்பெயர்ச்சி சுழி. ஆகவே வேலை சுழி. மற்ற அலுவலகங்களும் வேலை செய்வதில்லை. ஆனால் அதை நிரூபிக்க அவர்களால் முடியுமா?"

கைதட்டல்.

"நாம் தொடங்கியபோது இந்த ஊரில் எல்லோரும் எதையாவது நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். இன்று ஓடுவதற்கு முன் அனுமதி கேட்கிறார்கள். அனுமதி கிடைப்பதற்குள் ஓடும் எண்ணமே போய்விடுகிறது. இதுதான் வளர்ச்சி! இதோ, இந்த இளைஞரைப் பாருங்கள். எந்த விசையும் இவரை அசைக்கவில்லை. நம் குடிமக்கள் அனைவரும் ஒருநாள் இப்படி ஆக வேண்டும்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடையைத் தின்றுகொண்டிருந்தேன். அன்று முழுவதும் நான் சாப்பிட்டது அதுதான்.

சீல் குத்திய வாசகத்தை மிஞ்சோவிடம் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"'ரலிட்சா. பதினாலாம் பிளாக் வாசலிலிருந்து இடப்பெயர்ச்சி மூன்று கிலோமீட்டர், தென்கிழக்கு. கீழ்க்காணும் நோக்குநரைப் பொறுத்துத் திசைவேகம் சுழி. நோக்குநர் யாவோர். ஓய்வில் இருக்கிறார்.'" நிறுத்தினார். "தம்பி, இதென்ன, ஒன் படமும் இருக்கு?"

"நோக்குநர் படம் கட்டாயமாம் அண்ணே. அதே அளவுல."

"கட்டம்?"

"ரெண்டுக்கும் சேத்து ஒரே கட்டம்னு விதி."

"ரெண்டு படம் போட்டு ஒரே கட்டம் எப்ப அடிப்போம்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"புருஷனும் பொண்டாட்டியும் கார்ல போயி..."

"தெரியும் அண்ணே. சீல் இருக்கு. சனிக்கிழம அத்தை வராங்க. அவ முகம் சுவத்துல இருக்கணும்."

மிஞ்சோ சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு அச்சிட்டார். என் படம் கல்லூரி அடையாள அட்டையிலிருந்து எடுத்தது. அவளைவிட நான் இளையவனாகத் தெரிந்தேன்.

அன்று மாலையே எல்லா இடத்திலும் ஒட்டிவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் ஒட்டும்போது ஒரு பெண்மணி என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். "ரெண்டு பேருமா? அடப் பாவமே, சின்னஞ்சிறுசுங்க," என்றாள் என்னிடம். "நீங்க அவங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"கொஞ்சம்," என்றேன்.

வியாழக்கிழமை ஆலை வாசலில் காவலாளி என்னைப் பார்த்து, கேட்டின் கைப்பிடியைப் பிடித்தபடியே திறக்காமல் நின்றான். ஆய்வகத்தில் என் வெள்ளை அங்கியைப் புதிதாக வந்த பெண் அணிந்திருந்தாள். மேலாளர் அதைக் கழற்றச் சொல்லவில்லை. "நீ இன்னிக்கு வருவன்னு நெனைக்கல," என்றார். "பூவுக்குக் காசு வசூல் பண்ணிட்டோம்பா. திருப்பிக் குடுக்கறதா, வேணாமா?" நாள் முழுக்க யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இதில் பெரிய மாற்றம் இல்லை. இந்த ஆறு மாதமும் அவர்கள் அப்படித்தான் இருந்தார்கள். இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை லிஃப்டின் முன் ப்ராவ்தா நின்றிருந்தார். எங்கள் பிளாக்கின் நிர்வாகி. லிஃப்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் ஆள் கணக்கில் பணம் பிரிப்பவர்.

"யாவோர், உங்க வீட்டுல இனிமே ஆள் சுழின்னு போட்டுட்டேன்," என்றார்.

"நான் இருக்கேனே ப்ராவ்தாம்மா."

"இருக்க. கண்ணால பாக்கறேன். ஆனா கதவுல சீல் வச்ச தாள் இருக்கு. தணிக்கைக்கு வந்தா நான் ஒன் மொகத்தையா காட்ட முடியும்?" குரலைத் தாழ்த்தினார். "வேணும்னா இன்னொரு சீல் வாங்கிட்டு வா, உயிரோட இருக்கேன்னு."

"அந்தப் பிரிவு இருக்கா?"

"தெரியல கண்ணு. கேட்டுப் பாரு."

"இப்ப லிஃப்டுல போலாமா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "ஆள் சுழின்னா லிஃப்டுல யாரு போறது? எனக்கும் வயசாச்சு, கணக்குல மாட்டிவிடாத. அஞ்சு மாடிதானே."

ஆறு மாதமாக நான் படியில் ஏறியதில்லை. லிஃப்டை அவள் இறந்த மறுநாளே சரிசெய்துவிட்டார்கள். முதல் மாடி. இரண்டாம் மாடி. யாரோ மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் விளக்கு அணைந்துபோனது, சுவிட்சைத் தடவி மறுபடி போட்டேன். அதற்கு மேல் பதினொரு படி. திருப்பம். அங்கே எதுவும் இல்லை. சுவரில் ஒரு கீறல் இருந்தது, அது முன்பே இருந்ததா என்று தெரியவில்லை. நின்றேன். விளக்கு அணைந்தது. இந்தத் தடவை அதைப் போடவில்லை. மேல் மாடியில் யாரோ வீட்டுக் கதவைத் திறந்து, இருட்டில் ஒரு ஆள் நிற்பதைப் பார்த்து, உடனே மூடிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மீதிப் படிகளை ஏறினேன்.

சனிக்கிழமை காலை ஷேவ் செய்துகொண்டிருந்தபோது கதவை யாரோ இடித்தார்கள். மணியை அடிக்கவில்லை. உள்ளங்கையால், பிறகு முழங்கையால் இடித்தார்கள்.

திறந்தேன். மாமியார். கறுப்புத் தலைத்துணி கழுத்தில் கிடந்தது. ஒரு கையில் துணி மூடிய பெரிய கிண்ணம். மூச்சு வாங்கியது. அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் பாதி நுரையோடு நான் நின்றேன். கையை நீட்டி நுரையைத் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் என் நெஞ்சில் ஓங்கித் தள்ளினார். நான் பின்னால் போய்ச் செருப்பு அலமாரியில் மோதினேன்.

"பாவி! பாவி! பஸ்ஸ விட்டு எறங்குறேன், ரெண்டு மொகம்! ரெண்டு மொகம்டா! அங்க இருந்து ஓடி வரேன், வாசல்லயும் ரெண்டு மொகம்! இவளும் போயி நீயும் போயி, எனக்கு ஒரு வார்த்த சொல்ல ஆளில்லையேன்னு..."

"அத்தை, அது நோக்குநர்..."

"என்ன நோக்கு? எவன் நோக்கினான்?" மறுபடி தள்ளினார். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா? படியேறுறப்போ என்ன நெனச்சேன் தெரியுமா? கோதுமை ஒருத்திக்குத்தானே வேகவச்சோம், ரெண்டு பேருக்குப் பத்துமான்னு நெனச்சேன்டா. என் புத்தி அதத்தான் நெனச்சுது."

சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். செருப்பு அலமாரியின் மேலேயே உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவந்தேன். டம்ளர் அவர் கையில் ஆடி, பாதி பாவாடையில் கொட்டியது.

"ஏன்டா ஒட்டுன?"

"நீங்க அவ முகம் இருக்கணும்னு சொன்னீங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். "மூஞ்சியக் கழுவு," என்றார். "ஒரு பக்கம்தான் செரச்சிருக்க."

கீழே இறங்கும்போது வாசல் கதவில் என் படத்தை நகத்தால் சுரண்டினார். சீல் உள்ள தாளைச் சேதப்படுத்துவது குற்றம் என்று ப்ராவ்தா ஜன்னலிலிருந்து சொன்னார். "வந்து புடி," என்றார் மாமியார். படம் முழுதும் வரவில்லை, நெற்றியும் ஒரு காதும் ஒட்டிக்கொண்டு நின்றன. கீழே இருந்த வரிகளை அப்போதுதான் படித்தார். "மூணு கிலோமீட்டரா? அவ்வளவுதானா?" என்றார். "அப்ப நடந்தே போலாம்."

நேர்கோட்டில்தான் மூன்று என்று நான் சொல்லவில்லை. பாதை சுற்றிப் போனது. ரயில் பாலத்தைத் தாண்டி, மரக் கிடங்கைச் சுற்றி, நாய்கள் இருக்கிற தெரு வழியாக நடந்தோம். கிண்ணத்தை நான் சுமந்தேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். வயதானவர் என்பதால் பிடித்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், நான் நின்றுவிடும் இடங்களில் அவர்தான் இழுத்துக்கொண்டிருந்தார்.

கல்லறையில் பாதிரியார் காத்திருந்தார். அக்கம்பக்கத்தார் சிலரும், ஆலையிலிருந்து இரண்டு பேரும், கையில் பூவோடு இருந்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினோம். கோதுமையின் நடுவில் ஒன்றைக் குத்தினோம். பாதிரியாருக்குக் கிட்டப்பார்வை. சாம்பிராணிக் கலசத்தை ஆட்டிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பாராமல், பாடத் தொடங்கினார். மூன்று நாளாக அவரும் பஸ் நிறுத்தத்தில்தான் நின்றிருக்கிறார்.

"உமது ஊழியர்களின் ஆன்மாக்களுக்கு, ஆண்டவரே, ரலிட்சாவுக்கும், யாவோருக்கும்..."

யாரும் திருத்தவில்லை. பூ வைத்திருந்தவர்கள் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள். என் பெயர் அவள் பெயருக்கு அடுத்து வந்தது. கல்யாணத்தன்றும் இதே வரிசையில்தான் படித்தார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் தோன்றவில்லை. நானும் குனிந்தேன்.

"நிறுத்துங்க ஃபாதர்!"

மாமியாரின் குரல். பாதிரியாரின் கலசம் நடுவில் நின்று ஆடியது.

"அவன் பேரச் சொல்லாதீங்க! அவன விடுங்க! இவன் இங்க நிக்கிறான்! இங்க, என்கிட்ட, இதோ!" என் சட்டைக் கையை உயர்த்தி உலுக்கினார், சந்தையில் எதையோ காட்டுவதுபோல. "ஒருத்திதான் போனா. ஒருத்தியத்தான் நான் குடுத்தேன். இவன நான் குடுக்கல!"

பாதிரியார் நெருங்கி வந்து, கண்ணைச் சுருக்கி, என் முகத்தைப் பார்த்தார். "மன்னிக்கணும்பா," என்றார். "தாள்ல பாத்தேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். பழைய இடத்துக்குப் போய், முதலிலிருந்து தொடங்கினார்.

இந்த முறை ஒரே ஒரு பெயர்தான் வந்தது. அதற்குப் பிறகு ஒரு இடைவெளி. என் பெயர் இருந்த இடத்தில் யாரும் இல்லை.

அவள் தனியாகப் போனது அப்போதுதான் எனக்குக் கேட்டது. மாமியார் என் கையை விடவில்லை. விட்டிருந்தால் விழுந்திருப்பேன்.